தின் கிளையன்ட் மேல் விழும் பழி

"லினக்ஸ் தின் கிளையன்ட்டா? வேண்டாங்க. பென் டிரைவ் எடுக்காது, சவுண்ட் வராது." கணினி வாங்கும் கூட்டம் எங்கே நடந்தாலும் இந்த வாக்கியம் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது. கொட்டேஷனோடு வந்திருக்கும் விற்பனையாளர் சொல்வார். அவர் சொல்லாவிட்டால் லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர் சொல்வார். வேடிக்கை என்னவென்றால் லினக்ஸ் அன்பர்களே இதை மறுப்பதில்லை. "அது கொஞ்சம் சிக்கல்தான், மற்றபடி அருமையான சிஸ்டம்" என்று அரைக் குரலில் ஒப்புக்கொண்டு நழுவிவிடுகிறார்கள். எதிராளியும் ஆதரவாளரும் ஒரே பக்கம் நின்றால், நடுவில் உட்கார்ந்திருக்கும் தலைமை ஆசிரியர் வேறு என்ன முடிவுக்கு வருவார்?

இப்படிப்பட்ட லேப்களைப் பராமரிப்பது என் பிழைப்பு. பென் டிரைவும் ஒலியும் வேலை செய்யாத தின் கிளையன்ட்டுகள் ஊரெங்கும் இருக்கின்றன. அதை மறுக்க நான் வரவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் தவறு. அந்தத் தவறான காரணத்தின் மேல் கட்டப்படும் தீர்ப்பு, 'எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு விண்டோஸ் போட்ட முழுக் கணினி வாங்கு' என்பது, அதைவிடத் தவறு.

அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். தின் கிளையன்ட்டில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் இருக்காது. பொத்தானை அழுத்தியதும் நெட்வொர்க் வழியாக சர்வரைக் கூப்பிட்டு, அங்கிருந்து கெர்னலையும் ஒரு சிறு லினக்ஸ் இமேஜையும் இழுத்துக்கொண்டு எழுகிறது. அதன்பின் மாணவர் திறக்கும் லிப்ரே ஆபீஸும் ஃபயர்பாக்ஸும் ஓடுவது சர்வரில். இந்தப் பக்கம் வருவது திரையின் படம் மட்டும். அந்தப் பக்கம் போவது கீபோர்டு தட்டலும் மௌஸ் அசைவும். ஜிம் மெக்குவில்லன் அமெரிக்காவின் மிச்சிகனில் 1999-ல் தொடங்கிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், சுருக்கமாக எல்டிஎஸ்பி, உலகின் பல நாட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது இந்த ஏற்பாட்டைத்தான். பழைய கணினிகளுக்கு மறுவாழ்வு, ஒரே இடத்தில் பராமரிப்பு, வைரஸ் தொல்லை குறைவு. பணமில்லாத பள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

திரையைத் தூக்கிக்கொண்டு போவது எக்ஸ் விண்டோ என்ற அமைப்பு. எம்ஐடியில் 1984-ல் பிறந்தது. இன்றுவரை புழங்கும் அதன் பதினோராம் பதிப்பு 1987-ல் வந்தது. அது சுமப்பது திரை, கீபோர்டு, மௌஸ். ஒலி அதன் பொறுப்பில் எப்போதுமே இருந்ததில்லை. யுஎஸ்பி என்ற தரம் வெளியானதே 1996-ல். சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் பென் டிரைவைக் கடைக்குக் கொண்டுவந்தது 2000-ல். கணக்குப் பாருங்கள்: எல்டிஎஸ்பி பென் டிரைவுக்கே ஒரு வருடம் மூத்தது. இல்லாத பொருளுக்கு யாரும் முன்கூட்டியே பாதை போட்டு வைக்க முடியாது.

ஆக, மாணவர் பென் டிரைவைச் செருகுவது மேஜை மேல் இருக்கும் பெட்டியில். அதைத் தேடும் ஃபைல் மேனேஜர் ஓடுவது பூட்டிய அறைக்குள் இருக்கும் சர்வரில். ஹெட்போன் இங்கே, பாட்டைப் போடும் மென்பொருள் அங்கே. இரண்டுக்கும் நடுவே திரைக்கான பாதையைத் தவிர இன்னும் இரண்டு பாதைகள் வேண்டும். யாராவது அவற்றை அமைக்க வேண்டும். 'எடுக்கவில்லை', 'வரவில்லை' என்று நாம் சொல்லும் புகார்களில் பெரும்பகுதி இந்த இரண்டு பாதைகளில் எங்கோ விழுந்த ஓட்டை. லினக்ஸுக்குப் பென் டிரைவ் தெரியாததாலோ ஒலி வராததாலோ வரும் புகார் சொற்பம். அதே பெட்டியில் அதே லினக்ஸை நேரடியாகப் போட்டுப் பாருங்கள். செருகிய உடனே பென் டிரைவ் திரையில் வந்து நிற்கும்.

ஒலிக்கான பாதை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஃப்ளாஷ் காலத்துக் கூத்து ஒன்று உண்டு. ப்ரவுசருக்குள் உட்கார்ந்திருந்த ஃப்ளாஷ் பிளகின், ஒலியை நிர்வகிக்கும் சேவையைக் கேட்காமல் நேரே சவுண்ட் கார்டைத் தேடிப் போகும் குணம் கொண்டது. ப்ரவுசர் ஓடுவதோ சர்வரில். எனவே அது போய்ப் பிடித்ததும் சர்வரின் சவுண்ட் கார்டைத்தான். வகுப்பு முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு மௌனமாக உட்கார்ந்திருக்கும். ஆங்கில உச்சரிப்புப் பாடம் பூட்டிய அறைக்குள் யாருமில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். சர்வரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் அதுவும் இல்லை. ஃப்ளாஷ் மூடிய மூலநிரல் மென்பொருள், அதன் நடத்தையை லினக்ஸ்காரர்கள் திருத்த முடியாது. இடையில் ஒரு சிறு லைப்ரரியைச் செருகி அதன் ஒலியைத் திருப்பிவிட்டார்கள். தப்பு செய்தது ஒரு வணிக நிறுவனத்தின் மென்பொருள். கெட்ட பெயர் லினக்ஸுக்கு. அந்தப் பெயரே இன்றுவரை நிற்கிறது.

இதற்கு அடுத்து வந்தது பல்ஸ் ஆடியோ என்ற ஒலி நிர்வாகச் சேவை. லினக்ஸ் வழங்கல்களில் ஃபெடோரா 8 இதை 2007 நவம்பரில் இயல்புநிலையாக வைத்தது, உபுண்டு 8.04 அடுத்த ஏப்ரலில் பின்தொடர்ந்தது. ஆரம்ப காலத்தில் இது பட்ட பாடும் படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமல்ல. சத்தம் கரகரக்கும், திடீரென்று நிற்கும், ஒரு மென்பொருளில் வரும், இன்னொன்றில் வராது. அன்று கொதித்துப்போனவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றே ஒன்று: பல்ஸ் ஆடியோவை அடியோடு நீக்கிவிடு. தனிக் கணினியில் அந்த வைத்தியம் அன்று சிலருக்குப் பலித்ததும் உண்மை. அதையே தின் கிளையன்ட் லேப்பில் செய்தால்? அங்கே சர்வரிலிருந்து மேஜைக்கு ஒலியைச் சுமந்து வருவதே பல்ஸ் ஆடியோதான். கிளையன்ட் பெட்டியில் அது 4713 என்ற போர்ட்டில் காது வைத்துக் காத்திருக்கும். சர்வரில் அந்த மாணவரின் செஷனுக்குள் பல்ஸ் சர்வர் என்ற சூழல் மாறியில் அந்தப் பெட்டியின் முகவரி எழுதப்பட்டிருக்கும். பாட்டுப் போடும் மென்பொருள் அதைப் பார்த்து அந்த முகவரிக்கு ஒலியை அனுப்பும். இதை நீக்கியவர் பாலத்தை உடைத்துவிட்டு 'ஆற்றைத் தாண்ட முடியவில்லை' என்று புகார் சொல்கிறார். இப்படி உடைக்கப்பட்ட லேப்களை நிறையப் பார்த்தாயிற்று. ஒவ்வொன்றிலும் "நாங்க எல்லாம் செஞ்சு பார்த்துட்டோம் சார்" என்ற வசனமும் கூடவே வரும்.

இன்று பல்ஸ் ஆடியோவின் இடத்துக்குப் பைப்வயர் வந்துவிட்டது. ஃபெடோரா 34-ல் 2021-ஆம் ஆண்டு வந்தது, உபுண்டு 22.10-ல் அடுத்த ஆண்டு. பல்ஸ் ஆடியோ பேசிய அதே நெறிமுறையைப் பேசுவதால் மென்பொருள்களுக்கு ஆள் மாறியதே தெரியாது. ஆனால் 2008-ல் பட்ட சூட்டை வைத்து இன்றைக்குக் கொள்முதல் முடிவு எடுப்பவர்களிடம் இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது?

'லினக்ஸில் ஒலி வராது' என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்று. எந்த இடத்தில் வரவில்லை? பெட்டியிலேயே வரவில்லையா, சர்வரிலிருந்து பெட்டிக்கு வரவில்லையா? இதைப் பிரித்துப் பார்த்த ஒருவரையும் எந்தக் கூட்டத்திலும் சந்தித்ததில்லை. பார்ப்பது கடினமும் அல்ல. 2019-க்கு முந்தைய பழைய எல்டிஎஸ்பியில் எல்டிஎஸ்.கான்ஃப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் கிளையன்ட் பெட்டியின் இரண்டாம் திரையில் ஒரு ஷெல் கிடைக்கும். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அழுத்தி அங்கே போய், ஸ்பீக்கர் டெஸ்ட் என்ற சோதனைக் கட்டளையை ஓட்டிப் பாருங்கள். சர்வரின் சம்பந்தமே இல்லாத சோதனை இது. இதிலேயே சத்தம் இல்லையென்றால் நெட்வொர்க்கையும் பல்ஸ் ஆடியோவையும் நோண்டி நேரம் வீணாக்க வேண்டாம்.

அப்படிப் பெட்டியிலேயே வராதபோது எனக்குத் திரும்பத் திரும்பத் தென்படும் காரணம் அற்பமானது. இப்போதைய சிறு பெட்டிகளில் எச்டிஎம்ஐ போர்ட் உண்டு. அதுவும் ஒரு சவுண்ட் கார்டு. பல பெட்டிகளில் சவுண்ட் கார்டுப் பட்டியலில் முதலில் நிற்பது அதுதான். ஹெட்போன் துளைக்கான கார்டு இரண்டாவது. லினக்ஸ் முதல் கார்டுக்கு ஒலியைச் சமர்த்தாக அனுப்பிக்கொண்டிருக்கும். அதாவது ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்கு. இயல்புநிலைக் கார்டை மாற்றினால் கதை முடிந்தது. அடுத்தது, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆல்சாமிக்ஸரைத் திறந்தால் ஒலிக்கம்பத்தின் அடியில் எம்எம் என்று இரண்டு எழுத்து நிற்கும். மியூட் என்று அர்த்தம். எம் விசையைத் தட்டினால் போய்விடும். இன்னொன்று ஆட்டோ மியூட்: முன்பக்கத் துளையில் யாரோ விட்டுச்சென்ற உடைந்த ஜாக் முனை ஒட்டிக்கொண்டிருக்க, பெட்டி 'ஹெட்போன் மாட்டியிருக்கிறது' என்று நம்பி பின்பக்க ஸ்பீக்கரை அடைத்து வைத்திருக்கும். இவற்றில் எது இயங்குதளத்தின் குற்றம்?

பெட்டியில் சத்தம் வருகிறது, செஷனுக்குள் வரவில்லை என்றால் சர்வர் பக்கம் பாருங்கள். பேக்டிஎல் இன்ஃபோ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒலி எந்த முகவரிக்குப் போகிறது என்று அதுவே சொல்லும். கிளையன்ட்டின் ஐபி முகவரியும் 4713-ம் தெரிந்தால் பாதை சரி. சர்வரின் உள்ளூர் முகவரி தெரிந்தால், அந்தச் சூழல் மாறி வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. பெரும்பாலும் யாரோ எழுதிய தொடக்க ஸ்கிரிப்ட் ஒன்று அதைத் துடைத்திருக்கும்.

சத்தம் வருகிறது, விட்டுவிட்டு வருகிறது என்ற புகாருக்கு வருவோம். சிடி தரத்து ஒலிக்கு ஒரு விநாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சானல். பெருக்கினால் விநாடிக்கு 14,11,200 பிட், சுமார் 1.4 மெகாபிட். முப்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டாலும் 42 மெகாபிட். ஜிகாபிட் சர்வருக்கு இது ஒரு பொருட்டே அல்ல. இப்போது அதே மாணவர் ஒரு வீடியோவைப் போடுகிறார். 640-க்கு 480 அளவு, புள்ளிக்கு 3 பைட், விநாடிக்கு 25 சட்டகம். சர்வர் அதைப் பிரித்து, சுருக்காமல் அனுப்பினால் விநாடிக்கு 2.3 கோடி பைட், 184 மெகாபிட். மேஜைக்கு வருவதோ 100 மெகாபிட் கேபிள். படம் கேபிளை அடைத்துக்கொண்டு நிற்க, ஒலிக்கு இடமில்லாமல் திக்குகிறது. காதில் விழுவது ஒலியின் திக்கல் என்பதால் எல்லோரும் சவுண்ட் கார்டைக் குடைகிறார்கள். குடைய வேண்டியது ப்ரவுசர் எங்கே ஓட வேண்டும் என்ற முடிவை. கனமான ஓரிரு மென்பொருளை மட்டும் கிளையன்ட் பெட்டியிலேயே ஓட்டும் வசதி எல்டிஎஸ்பியில் பல காலமாக இருந்தது. அதைப் போட்டுப் பார்த்த லேப்கள் அபூர்வம்.

பென் டிரைவ் விஷயத்தில் எனக்குக் கோபம் இன்னும் அதிகம். அங்கே அறியாமையோடு ஆபத்தும் சேர்ந்துகொள்கிறது.

ஸ்காட் பால்நீவ்ஸ் எழுதிய எல்டிஎஸ்பிஎஃப்எஸ் என்ற அமைப்பு இதற்காகவே வந்தது. கிளையன்ட்டில் பென் டிரைவைச் செருகினால் கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் என்ற சேவை அதைக் கவனித்துத் தகவல் சொல்லும். சர்வரில், ஃப்யூஸ் என்ற வசதியின் வழியாக, அந்த மாணவரின் பெயரிலேயே ஒரு கோப்புறை திறந்து பென் டிரைவின் கோப்புகள் அதில் தெரியும். கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் இருந்தால் தானே எழுதி முடித்து மூடிக்கொள்ளும்; 'சேஃப்லி ரிமூவ்' அழுத்தாமல் பிடுங்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது. ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் காலத்து வழங்கல்களில் பயனர் ஃப்யூஸ் என்ற குழுவில் உறுப்பினராக இருக்க வேண்டும். லேப் அமைத்தவர் அன்றிருந்த கணக்குகளை எல்லாம் குழுவில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். ஜூன் மாதம் புது வகுப்பு வரும், புதுக் கணக்குகள் திறக்கப்படும், யாரும் அவற்றைக் குழுவில் சேர்க்க மாட்டார்கள். ஆசிரியர் கணக்கில் பென் டிரைவ் தெரியும், மாணவர் கணக்கில் தெரியாது. திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. (இந்த மௌனம் லினக்ஸ்காரர்களின் குறைதான், ஒரு வரி எழுதிக் காட்டியிருக்கலாம்.) கட்டளை ஒன்றில் தீரும் இந்த விஷயம் 'லினக்ஸில் சில சமயம் பென் டிரைவ் எடுக்கும், சில சமயம் எடுக்காது' என்ற பழமொழியாக ஆசிரியர் அறையில் நிலைத்துவிடும்.

இந்த நிபந்தனை எல்லாம் எதற்கு, எல்லோருக்கும் எல்லாம் திறந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. நினைத்துப் பாருங்கள்: ஒரே சர்வரில் ஒரே நேரத்தில் முப்பது பேர் உள்ளே இருக்கிறார்கள். ஆசிரியர் அரையாண்டுத் தேர்வு வினாத்தாளைப் பென் டிரைவில் கொண்டுவந்து செருகுகிறார். அது முப்பது பேர் திரையிலும் தெரிந்தால் சரியா? தெரியக் கூடாது என்பதால்தான் இத்தனை சடங்கு. இன்றைய லினக்ஸ் இன்னும் கறாரானது. கணினியின் முன்னால் நேரில் உட்கார்ந்திருக்கும் பயனருக்குத்தான் சிஸ்டம்டி என்ற நிர்வாக மென்பொருள் பென் டிரைவையும் மைக்கையும் தானாகத் திறந்துவிடும். தொலைவிலிருந்து நுழைந்த செஷன் என்றால் நிர்வாகி கடவுச்சொல் கேட்கும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் சரியான அலுப்பு.

இந்தக் கதவை உடைக்க ஊரில் புழங்கும் வைத்தியங்களைப் பாருங்கள். எல்லாப் பயனரையும் ஆடியோ குழுவில் சேர்த்துவிடுவது ஒன்று. அப்படிச் செய்தால் அந்தக் கணினியில் நுழையும் எவரும், வேறொருவர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே மைக்கைத் திறந்து கேட்கலாம். கோப்புறைக்கு 777 அனுமதி, அதாவது எல்லோருக்கும் எல்லா உரிமையும், கொடுப்பது இன்னொன்று. எல்லோரையும் ரூட்டாகவே, அதாவது முழு நிர்வாகியாகவே, நுழைய விடுவது உச்சம். இவற்றைச் செய்தும் பென் டிரைவ் தெரியாது. ஓட்டை பாதையில் இருக்க, பூட்டை உடைத்துப் பயன் என்ன? கடைசியில் பாதுகாப்பும் போய், பென் டிரைவும் வராமல், 'லினக்ஸ் பாதுகாப்பானது என்று சொன்னார்களே' என்ற இளக்காரம் மட்டும் மிஞ்சும்.

பென் டிரைவ் தெரிகிறது, உள்ளே திறக்கவில்லை என்பது தனி வகை. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டி கார்டுகள் தரப்படியே எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வருகின்றன. பெரிய பென் டிரைவ்களிலும் அது சகஜம். எக்ஸ்ஃபேட் மைக்ரோசாஃப்டின் சொத்து. அதன் விவரக்குறிப்பை அந்த நிறுவனம் வெளியிட்டதே 2019 ஆகஸ்டில்தான். அதே ஆண்டு நவம்பரில் 5.4 கெர்னலுக்குள் எக்ஸ்ஃபேட் நுழைந்தது, அடுத்த ஆண்டு 5.7-ல் சாம்சங் எழுதிக் கொடுத்த நல்ல டிரைவர் வந்தது. அதற்கு முன்பும் தனிப் பேக்கேஜாகப் போட்டுக்கொள்ள வழி இருந்தது. ஆனால் எங்கே போடுவது? இங்கேதான் கைதேர்ந்தவர்களும் சறுக்குகிறார்கள். சர்வரில் போட்டுவிட்டு, "போட்டாச்சே, ஏன் இன்னும் திறக்கவில்லை?" என்று கேட்கிறார்கள். பழைய எல்டிஎஸ்பியில் பென் டிரைவைத் திறப்பது கிளையன்ட்டின் கெர்னல்; அது எழுவது சர்வரில் ஆப்ட் கோப்புறைக்குள் தனியாக வைத்திருக்கும் இமேஜிலிருந்து. பேக்கேஜை அந்த இமேஜுக்குள் போட்டு, இமேஜைப் புதுப்பிக்க வேண்டும். சர்வரில் என்ன போட்டாலும் அந்த இமேஜுக்குத் தெரியாது. பல ஆண்டுகளுக்கு முன் செய்து வைத்த இமேஜைத் தொடாமலே ஓட்டிவிட்டு, இந்த வருடம் வாங்கிய பென் டிரைவ் திறக்கவில்லை என்று குறை சொல்வதில் நியாயம் இல்லை.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லியாம்ப், யுஎஸ்பி 3 தருவது 900. சுழலும் எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம் இழுக்கும். பழைய பெட்டியின் களைத்துப்போன அடாப்டரும் முன்பக்க போர்ட்டும் நீட்டிப்புக் கேபிளும் சேர்ந்தால் எந்த இயங்குதளமும் தோற்கும். கெர்னல் பதிவைத் திறந்து பாருங்கள். மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 என்ற பிழை எண் வரிசையாக நிற்கும். முதலாவது, பேச்சு நடுவில் குழம்பிவிட்டது என்பது. இரண்டாவது, கேட்ட கேள்விக்குப் பதிலே வரவில்லை என்பது. பெரும்பாலும் கேபிள், போர்ட், மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று. விண்டோஸில் இதே கோளாறு 'யுஎஸ்பி டிவைஸ் நாட் ரெகக்னைஸ்டு' என்று வரும். அப்போது மட்டும் நாம் பென் டிரைவைக் குறை சொல்கிறோம்!

எதிர்த் தரப்பில் நியாயமே இல்லையா? இருக்கிறது. கோப்பைப் பென் டிரைவுக்கு நகலெடுக்கும்போது பட்டை சரசரவென்று முடிந்துவிட்டதாகக் காட்டும்; எழுதும் வேலை உண்மையில் நினைவகத்தில் பாதியில் நிற்கும். நம்பிப் பிடுங்கினால் கோப்பு பாழ். கிளையன்ட்டிலேயே மென்பொருள் ஓடும் அமைப்பில் இது அடிக்கடி நேரும். நினைவகம் பெரிதாகப் பெரிதாக இந்த ஏமாற்று நீளும். எழுதாமல் தேக்கி வைக்கும் அளவுக்கு உச்சவரம்பு போட ஒரு கெர்னல் அமைப்பு இருக்கிறது. அதைப் பள்ளி லேப்புக்கு இயல்புநிலையாகவே வைத்திருக்க வேண்டும். வைக்காதது லினக்ஸ் தரப்பின் பிழை. அதேபோல டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கைரேகைக் கருவி, ஸ்கேனர், வெப்கேம் இவற்றைத் தின் கிளையன்ட்டில் ஓட்ட முயல்வதை நான் ஊக்குவிப்பதில்லை. யுஎஸ்பியை நெட்வொர்க் வழியாக அனுப்பும் வசதி கெர்னலிலேயே இருந்தாலும் அது வகுப்பறைக்கான பொருளல்ல. அலுவலகத்தில் கருவூல வேலைக்கு ஒரு முழுக் கணினி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்காக லேப்பையே மாற்ற வேண்டுமா?

இந்தப் பிரசாரத்தில் நடக்கும் பெரிய மோசடி ஒப்பீட்டில் இருக்கிறது. 'விண்டோஸில் செருகினால் எடுக்கிறதே' என்பவர்கள் ஒப்பிடுவது விண்டோஸ் முழுக் கணினியையும் லினக்ஸ் தின் கிளையன்ட்டையும். விண்டோஸ் தின் கிளையன்ட்டோடு ஒப்பிடுங்கள். அங்கே ரிமோட் டெஸ்க்டாப் நெறிமுறையில் ஒலியையும் டிரைவையும் மேஜைக்குத் திருப்பிவிடும் வசதி 2001-ல் எக்ஸ்பியோடுதான் வந்தது. மற்ற யுஎஸ்பி கருவிகளைத் திருப்பிவிடும் ரிமோட் எஃப்எக்ஸ் வசதி வந்தது 2011-ல். விண்டோஸ் சர்வர் 2008-ல் ஒலித் திருப்பலை நிர்வாகிதான் இயக்கிவிட வேண்டும், தானாக வராது. அதே கேள்வி, அதே தனித்தனிப் பாதைகள். சன் நிறுவனம் 1999-ல் விட்ட சன் ரே பெட்டிகளுக்கும் ஒலிக்கும் யுஎஸ்பிக்கும் தனியாகவே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது. திரையை ஒரு கணினியிலும் மூளையை இன்னொன்றிலும் வைத்த எல்லோரும் கொடுத்த விலை இது.

லினக்ஸ் அன்பர்களுக்கும் குட்டு வைக்காமல் விட முடியாது. எக்ஸ்ஆர்டிபி என்ற மென்பொருளைப் போட்டு ரிமோட் டெஸ்க்டாப் தரும் லேப்கள் இப்போது நிறைய. பயனரின் வீட்டுக் கோப்புறையில் தின் கிளையன்ட் டிரைவ்ஸ் என்ற பெயரில் ஒரு கோப்புறை முளைத்திருக்கும். பகிர்ந்த பென் டிரைவ் அதற்குள்தான் தெரியும். மாணவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? ஒலிக்கு பல்ஸ் ஆடியோவுக்கான ஒரு தனி மாட்யூல் வேண்டும். பல காலம் அதை மூலநிரலிலிருந்து நாமே கட்ட வேண்டியிருந்தது. நிறுவியவர் திரை வந்ததும் கைதட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பாதி வேலையை முழு வேலை என்று ஒப்படைத்துவிட்டு, கேட்டால் "தின் கிளையன்ட்னா அப்படித்தான்" என்பது எந்த ஊர் நியாயம்?

கடைசியாகப் பணம். 'முழுக் கணினி வாங்குங்கள்' என்பவர்கள் மறைக்கும் உண்மை, பல லேப்களில் முழுக் கணினி ஏற்கெனவே இருக்கிறது என்பது. தின் கிளையன்ட் என்ற பெயரில் மேஜை மேல் இருக்கும் பெட்டிகளில் இரண்டு கோர் பிராசஸரும் இரண்டு, நான்கு ஜிபி நினைவகமும் உள்ளவை ஏராளம். ஃபயர்பாக்ஸையும் லிப்ரே ஆபீஸையும் தாங்க அதுவே போதும். இமேஜும் மாணவர் கோப்புகளும் மட்டும் சர்வரில் இருக்க, மென்பொருள் எல்லாம் மேஜையிலேயே ஓடும் ஏற்பாட்டை ஃபேட் கிளையன்ட் என்பார்கள். பென் டிரைவ் செருகும் இடமும் அதைத் தேடும் மென்பொருளும் ஒரே பெட்டியில், ஒலியும் அப்படியே. திருப்பிவிட வேண்டிய பாதையே மிச்சமில்லை. கிரேக்கப் பள்ளிகளின் அனுபவத்தோடு ஆல்கிஸ் ஜியோர்கோபூலோஸ் எல்டிஎஸ்பியை அடியிலிருந்து திருப்பி எழுதி 2019-ல் வெளியிட்ட புதிய பதிப்பு இந்த முறையையே இயல்பாக்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க் வேண்டாம், ஒரே இமேஜைப் பராமரித்தால் போதும் என்ற பழைய லாபம் அப்படியே இருக்கிறது. இதற்கு ஆகும் செலவு, லேப்பில் ஒரு ஆள் சில நாள் உட்கார்ந்து செய்யும் வேலை. அந்த வேலைக்குக் கொட்டேஷன் கொடுக்க ஆள் இல்லை என்பதால் புதுக் கணினிக்குக் கொட்டேஷன் வருகிறது.

எனவே லேப் பொறுப்பில் இருக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது "லினக்ஸில் அது வராது" என்று சொல்லிப் புதுக் கொட்டேஷனை நீட்டினால், உங்கள் லேப்பில் ஒரு பெட்டியின் முன் அவரை உட்கார வையுங்கள். பென் டிரைவைச் செருகச் சொல்லுங்கள். மென்பொருள் எந்தக் கணினியில் ஓடுகிறது, கெர்னல் பதிவில் என்ன வரி வந்தது, ஒலி எந்த முகவரிக்குப் போகிறது என்று கேளுங்கள். பதில் சொன்னால் அவர் கொட்டேஷனைப் படித்துப் பாருங்கள். சொல்லத் தெரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.